உருள மறந்த முள்ளெலி

"கையை எடுத்துட்டேன் சித்தப்பா. பாருங்க, கல்லு மாதிரி விழறான்."

அண்ணன் மகள் சொன்னது சரிதான். திரையில் அந்த நீல முள்ளெலி மேட்டின் விளிம்பிலிருந்து முழு வேகத்தில் தாவியிருந்தது. அது அந்தரத்தில் இருக்கும்போது அவள் திசைப் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். முன்னோக்கிப் பறந்துகொண்டிருந்த உருவம் சட்டென்று வேகம் இழந்து, கிட்டத்தட்ட நேர்கீழாக இறங்கியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தியதுபோல இருந்தது.

"இப்ப பழசுல இதையே செய்" என்றேன். 1991-ல் வந்த முதல் சோனிக் விளையாட்டைத் திறந்தாள். அதே ஓட்டம், அதே தாவல். அந்தரத்தில் அதே போல விரலை எடுத்தாள். இந்த முறை முள்ளெலி வளைகோடாகப் பறந்தது. உச்சிக்குப் போகும்போது வேகம் கொஞ்சம் தளர்ந்தது, ஆனாலும் நிற்கவில்லை. திரையின் முக்கால் அகலத்தைக் கடந்துதான் தரையைத் தொட்டது.

அவளுக்கு 12 வயது. நியூட்டனின் முதல் விதியை அவள் இன்னும் பாடமாகப் படிக்கவில்லை. இரண்டு விளையாட்டில் எது சரி, எது தப்பு என்று அவள் விரலுக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது. விரலுக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அவள் கையில் முதலில் இருந்தது 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 4: எபிசோட் 1'. 2010 அக்டோபரில் செகா நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. அந்த '4' என்ற எண்ணுக்குள் 16 ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது. 1991-ல் முதல் சோனிக், 1992-ல் இரண்டாவது, 1994-ல் மூன்றாவதும் அதன் மறுபாதியான 'சோனிக் அண்ட் நக்கிள்ஸ்' விளையாட்டும். அத்தோடு செகாவின் மெகா டிரைவ் கருவியில் வந்த முதன்மை வரிசை முடிந்தது. பிறகு முப்பரிமாணக் காலம். 1998-ன் 'சோனிக் அட்வென்ச்சர்' தொடங்கி ஏராளமான விளையாட்டுகள் வந்தன, கையடக்கக் கருவிகளில் பக்கவாட்டு ஓட்டங்களும் வந்தன. ஆனால் எதற்கும் 4 என்று எண் போடவில்லை. 2009 செப்டம்பரில் 'ப்ராஜெக்ட் நீடில்மவுஸ்' என்ற பெயரில் ஒரு புது விளையாட்டு அறிவிக்கப்பட்டது. சோனிக்குக்கு ஆரம்பத்தில் வைத்திருந்த செல்லப்பெயரே அதுதான். ஊசி எலி. பழைய ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தத் திட்டத்துக்கு '4' என்றே பெயர் சூட்டப்பட்டபோது எதிர்பார்ப்பு பல மடங்காகிவிட்டது.

விமர்சகர்கள் அதை மோசம் என்று ஒதுக்கவில்லை. பலர் பரவாயில்லை என்றார்கள், சிலர் பாராட்டினார்கள். ஏமாந்தது பழைய மூன்றையும் கை தேய ஆடியவர்கள்தான். நான்கு நிலப்பரப்புகளும் பழைய நிலங்களின் மறுபதிப்பு என்ற குறையைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் விளையாட்டின் பச்சைக் குன்றும் நீர்ச் சுரங்கமும், இரண்டாவதின் சூதாட்ட விடுதியும் பற்சக்கரத் தொழிற்சாலையும் வேறு பெயர்களில் திரும்ப வந்திருந்தன. என் பார்வையில் அது சின்னக் குறை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பழசாக இருந்தது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் மாறிப்போயிருந்தது. அது அந்த உலகத்தின் இயற்பியல்.

சோனிக் பிறந்த கதையில் முள்ளெலிக்கு முன்னால் ஒரு பந்து வருகிறது. செகாவின் நிரலாளர் யூஜி நாகா ஒரு வழிமுறை எழுதினார். அதுவரை பெரும்பாலான தாவல் விளையாட்டுகளில் தரை என்றால் தட்டையான பலகைதான், மிஞ்சிப்போனால் ஒரு சரிவு. நாகாவின் வழிமுறையில் ஓர் உருவம் எந்த வளைவின் மீதும் வழுக்கிக்கொண்டு போகும். அவருடைய முதல் முன்மாதிரியில், வளைந்து நெளிந்து செல்லும் நீண்ட குழாய்க்குள் பந்தாகச் சுருண்ட ஓர் உருவம் வேகமாக உருண்டது. அதற்குப் பொருத்தமான பிராணியைத் தேடினார்கள். பொருள்களைப் பற்றித் தூக்கும் முயல் ஒன்றும் யோசனையில் இருந்தது. கடைசியில், சுருண்டால் பந்தாகும் முள்ளெலி வென்றது. உருவத்தை வரைந்தவர் நவோத்தோ ஒஷிமா, நிலங்களை வகுத்தவர் ஹிரோகாசு யாசுஹாரா. ஆக, இந்தத் தொடருக்கு உருளுதல்தான் வித்து. முகம், சிவப்புக் காலணி, குறும்பு எல்லாம் பிறகு வந்தவை.

இந்த வளைவு வித்தை எந்தக் கருவியில் நடந்தது என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். மெகா டிரைவின் மூளை, சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68000 சிப். தசமப் புள்ளி எண்களைக் கையாளும் வன்பொருள் அதில் கிடையாது. திரை 320 பிக்சல் அகலம், 224 பிக்சல் உயரம். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம். ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் முள்ளெலி எங்கே நிற்கிறது, கால்கீழே தரை என்ன கோணத்தில் இருக்கிறது, அடுத்து எங்கே போகும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். ஒரு பிக்சலை 256 கூறுகளாகப் பிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் முழு எண்களாகவே நடத்தினார்கள். ஒரு முழு வட்டத்துக்கு 360 பாகைக்குப் பதிலாக 256 அலகு வைத்தார்கள். ஒரு பைட்டில் அடங்கிவிடும். சைன் மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்தார்கள். தரையை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 உயரங்களும் ஒரு கோணமும் குறித்தார்கள். முள்ளெலியின் இரு பாதங்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோல்கள் கீழ்நோக்கி நீண்டு தரையைத் தடவிக்கொண்டே போகும். பார்வையற்றவர் கைத்தடியால் வழி அறிவதைப் போன்ற ஏற்பாடு அது.

பின்னாளில் ரசிகர்கள் அந்த நிரலை வரிவரியாகப் பிரித்துப் படித்து எண்களை வெளியே எடுத்தார்கள். அவற்றைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம், இந்தக் கட்டுரையின் ருசியே அங்கேதான் இருக்கிறது.

தட்டையான தரையில் ஓடத் தொடங்கினால் ஃபிரேமுக்கு 12 கூறு வீதம் வேகம் ஏறும். ஓடிப் பெறக்கூடிய உச்சம் 1,536 கூறு, அதாவது ஃபிரேமுக்கு 6 பிக்சல். 12 வீதம் ஏறி 1,536-ஐத் தொட 128 ஃபிரேம் வேண்டும். இரண்டு நொடிக்குச் சற்று அதிகம். விரலை எடுத்துவிட்டால் உராய்வு அதே 12 வீதம் வேகத்தைக் குறைக்கும், நிற்க இன்னொரு இரண்டு நொடி. எதிர்ப்பக்கம் அழுத்திப் பிரேக் போட்டால் மட்டும் ஃபிரேமுக்கு 128 கூறு குறைந்து, 12 ஃபிரேமில் நின்றுவிடும். தாவினால் மேல்நோக்கி 1,664 கூறு வேகம் கிடைக்கும். புவியீர்ப்பு ஃபிரேமுக்கு 56 கூறு வீதம் அதைத் தின்னும். பள்ளிக்கூடச் சமன்பாட்டில் போட்டால் ஏறும் நேரம் ஏறக்குறைய அரை நொடி, உயரம் சுமார் 96 பிக்சல்.

முள்ளெலி நிற்கும்போது சுமார் 40 பிக்சல் உயரம். அதை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது தாவும் உயரம் 2.4 மீட்டர். அந்த உலகின் புவியீர்ப்பு நொடிக்கு நொடி 19.7 மீட்டர், நம் பூமியின் 9.8-ஐப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாவல் கனமாக, உறுதியாக, கையில் எடையோடு உணரப்படுவதற்கு இதுவே காரணம். ஓட்ட வேகம்? நொடிக்கு 9 மீட்டர்தான், மணிக்கு 32 கிலோமீட்டர். உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் உலக சாதனை படைத்தபோது உச்ச வேகத்தில் நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் ஓடினார். உலகத்திலேயே வேகமான பிராணி என்று விற்கப்பட்ட சோனிக், தட்டைத் தரையில் ஒரு மனிதனிடம் தோற்றுவிடும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோனிக்கின் வேகம் சோனிக்கிடம் இல்லை. அது நிலத்தில் இருக்கிறது. 1,536 என்ற வரம்பு கால் ஓட்டத்துக்கு மட்டும்தான். சரிவு கொடுக்கும் வேகத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது. ஆடுபவர் அந்த நிலத்தைப் படித்து, எங்கே சுருள வேண்டும், எங்கே விட வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்று அறிந்து, அதனிடமிருந்து வேகத்தை வாங்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடிப்பவருக்கு 6 பிக்சல் கிடைக்கும், பள்ளத்தாக்கை வாசிக்கத் தெரிந்தவருக்கு 10, 12 என்று கிடைக்கும்.

சரிவுக் கணக்கு இன்னும் அழகானது. கலிலியோ தன் 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலை 1638-ல் வெளியிட்டார். சரிவுப் பலகையில் பந்துகளை உருட்டி அவர் கண்டதன் சாரம் அதில் இருக்கிறது. ஒரு சரிவில் இறங்கும் பந்து, உராய்வு இல்லையென்றால், எதிர்ச் சரிவில் புறப்பட்ட அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச் சரிவைப் படுக்கவைத்துக்கொண்டே போனால் அதே உயரத்தைத் தேடி நீண்ட தூரம் ஓடும். முற்றிலும் படுத்துவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். நிலைமம் என்ற கருத்து இப்படித்தான் துளிர்த்தது.

சோனிக்கின் பந்து அதே உயரத்துக்கு ஏறுவதில்லை, அதைவிட அதிகம் ஏறுகிறது. சரிவில் ஓடும்போது நிலம் ஃபிரேமுக்கு 32 கூறு வீதம், கோணத்தின் சைனால் பெருக்கி, கூட்டவோ குறைக்கவோ செய்யும். சுருண்டு உருளும்போது இறக்கத்தில் 80, ஏற்றத்தில் 20. நான்கில் ஒரு பங்கு! உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு பனை உயரம் உருண்டு இறங்கியவன் எதிரே நான்கு பனை உயரம் ஏறிவிடலாம். ஆற்றல் அழிவின்மை விதி இங்கே வெளிப்படையாக மீறப்படுகிறது. நிலம் வட்டி போட்டுத் திருப்பித் தருகிறது. வட்டச் சுழல்பாதையின் கதையும் அப்படித்தான். நிஜத்தில் தலைகீழாகப் போகத் தேவையான வேகம் வட்டத்தின் ஆரத்தைப் பொறுத்தது. இங்கே எந்த வட்டமானாலும் ஃபிரேமுக்கு இரண்டரைப் பிக்சல் வேகம் இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம், குறைந்தால் கீழே விழவேண்டியதுதான்.

ஆகவே பழைய சோனிக் 'நிஜ இயற்பியல்' கொண்டது என்று யாராவது சொன்னால் அது தவறு. புவியீர்ப்புக்கு மட்டும் அதில் நான்கு எண்கள் இருக்கின்றன. காற்றில் 56, சரிவு ஓட்டத்தில் 32, உருளலில் 80-ம் 20-ம். ஆனால் அந்த எண்கள் எந்த மேட்டிலும் எந்தப் பள்ளத்திலும் மாறுவதில்லை. முதல் நிலத்தில் கற்ற சரிவு ஏழாவது நிலத்திலும் அதே பேச்சைப் பேசும். கற்பனை உலகத்துக்கு நம் உலகத்தின் விதி தேவையில்லை. ஒரு விதி இருக்க வேண்டும், அது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். நான்காவதில் பெரிதாக உடைந்தது இந்தச் சொல்தான்.

அண்ணன் மகள் செய்த சோதனைக்கு இப்போது வருவோம். பழைய விளையாட்டில், முழு வேகத்தில் தாவி விரலை எடுத்தால் என்ன நடக்கிறது? மேலேறும் வேகம் 4 பிக்சலுக்குக் கீழே வந்த பிறகு, உச்சியைத் தொடும் வரையிலான சுமார் 18 ஃபிரேமுக்கு மட்டும், முன்னோக்கிய வேகத்தில் ஃபிரேமுக்கு 32-ல் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். 6 பிக்சலில் கிளம்பியது ஏறக்குறைய மூன்றரையாகத் தளரும். இறங்கும்போது அந்தத் தடையும் கிடையாது. மூன்றரை மூன்றரையாகவே தரை வரைக்கும் வரும். கூட்டினால் சுமார் 250 பிக்சல், திரை அகலத்தில் முக்கால் பங்குக்கும் மேல். வேண்டுமானால் அந்தரத்தில் திசையை அழுத்தித் திருப்பவும் முடியும், அது நிஜ உலகத்தில் நடக்காத சலுகை. ஆனால் எதையும் அழுத்தாவிட்டால், கையில் மிஞ்சியிருக்கும் வேகத்தை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை.

நான்காவதில் பிடுங்கிக்கொண்டார்கள். அழுத்தும் வரை நகர்வு, விட்டால் நிறுத்தம். இது நியூட்டனுக்கு முந்தைய உலகம். தள்ளுபவன் இருக்கும் வரைதான் பொருள் நகரும் என்று அரிஸ்டாட்டில் எண்ணினார். அந்த எண்ணத்தை விட்டொழிக்க மனித குலத்துக்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பிடித்தது. முழுதாக விட்டோமா என்பதும் கேள்விதான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்லாஸ்கியும் அவர் குழுவினரும் 1980-களில் கல்லூரி மாணவர்களிடம் எளிய கேள்விகளைக் கேட்டார்கள். நடந்துகொண்டே கையிலிருக்கும் பந்தை விட்டால் அது எங்கே விழும்? விட்ட இடத்துக்கு நேர்கீழே விழும் என்று கணிசமானவர்கள் சொன்னார்கள். பந்து நடப்பவரின் வேகத்தைச் சுமந்துகொண்டு முன்னால் போய் விழும் என்பதே உண்மை. இதற்கு 'நேர்கீழ் நம்பிக்கை' என்று பெயர் வைத்தார்கள். நான்காவது சோனிக் அந்த நம்பிக்கையை நிரலாக எழுதியதுபோல நடந்துகொள்கிறது.

ஒரு சிக்கல் எழுகிறது. வாயால் கேட்டால் தவறாகச் சொல்லும் நாம், நேர்கீழே விழும் சோனிக்கைப் பார்த்து ஏன் முகம் சுளிக்கிறோம்? வாய்க்குத் தெரிந்ததும் கைக்குத் தெரிந்ததும் வேறுவேறு என்பதே பதில். பந்து எங்கே விழும் என்று தவறாகப் பதில் எழுதிய மாணவரே மைதானத்தில் ஓடிக்கொண்டே பந்தைச் சரியாக நண்பன் கையில் போடுவார்.

கை இதை எப்படி அறிகிறது? மூளை ஒவ்வொரு அசைவுக்கும் முன்னாலேயே அதன் விளைவை ஊகித்து வைக்கிறது. நரம்பு வழியாகச் செய்தி வந்து சேரக் கணிசமான நேரம் ஆவதால், வந்த பிறகு யோசிக்க அவகாசம் கிடையாது. ஊகமும் நடப்பும் ஒத்துப்போனால் நமக்கு எதுவுமே தெரியாது, எல்லாம் இயல்பாக இருக்கும். முரண்பட்டால் அது உடனே உறைக்கும். மாடிப்படி முடிந்துவிட்டது என்று தெரியாமல் இல்லாத படியில் காலை வைக்கும்போது உடம்பு தூக்கிப் போடுமே, அதே உறுத்தல். இந்த ஊகத்தில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அந்த ஊகம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு 1998 ஏப்ரலில் பறந்த கொலம்பியா விண்கலத்தின் 'நியூரோலேப்' பயணம் ஒரு சான்று. எடையற்ற நிலையில் இருந்த விண்வெளி வீரர்களை நோக்கி மேலிருந்து பந்து எறியப்பட்டது. அங்கே பந்து வேகம் கூடாமல் ஒரே சீராக வரும். வீரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர்களின் கைத்தசைகள் உரிய நேரத்துக்கு முன்பே இறுகின. பூமியில் போலப் பந்து வேகமெடுத்து வரும் என்று தசைகள் எதிர்பார்த்தன. மெக்கின்டயர், பெர்த்தோஸ், லாக்குவானிட்டி ஆகியோரின் குழு இந்த முடிவை 2001-ல் வெளியிட்டது. பிறந்தது முதல் பழகிய 9.8 என்ற எண், பூமியை விட்டுப் போன பிறகும் தசைக்குள் உட்கார்ந்திருந்தது.

கை புதிய எண்ணைக் கற்கவும் செய்யும். 1994-ல் ஷாத்மேர், முசா இவால்டி என்ற இருவர் வேறொரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் பிடித்திருக்கும் கைப்பிடியை ஒரு ரோபோ கரம் விசித்திரமான விதியின்படி பக்கவாட்டில் தள்ளும். முதலில் கை கோணலாகப் போகும். திரும்பத் திரும்பச் செய்தால் நேராகும். பிறகு ரோபோ தள்ளுவதைத் திடீரென நிறுத்தினால், கை எதிர்ப்பக்கமாகக் கோணும். இல்லாத விசையை எதிர்த்துக் கை போராடுகிறது. அதாவது, அந்த விசித்திர உலகத்தின் விதியைக் கை முழுதாக உள்வாங்கியிருந்தது.

1990-களில் சோனிக் ஆடிய சிறுவர்கள் தெரியாமலே உட்பட்டது இதே போன்ற பயிற்சிக்குத்தான். 56, 12, 80, 20. அந்த எண்களை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆயிரக்கணக்கான தாவல்களில் அவை கட்டைவிரலுக்குள் இறங்கிவிட்டன. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் அந்தக் கருவி இருந்தது. 'கேசட்' என்றுதான் நாங்கள் சொல்வோம், பொட்டி போன்ற அந்த விளையாட்டுக் கட்டையை. ஆளுக்கு ஓர் உயிர் என்று முறைவைத்து ஆடுவோம். முறை வராதவனும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான், காலி உள்ளங்கையில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருப்பான். சரிவு வந்தால் எல்லாருடைய விரலும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கிப் போகும், சுருள்வதற்கு.

16 ஆண்டுக்குப் பிறகு அதே நீலம், அதே பச்சைக் குன்று, அதே தாவல் ஒலி. கண் சொன்னது, இது அவன்தான் என்று. விரல் சரிவைக் கண்டதும் கீழே அழுத்தியது. ஆனால் உருண்டால் பழைய ஆதாயம் இல்லை, ஓடிப்போவதே லாபமாக இருந்தது. சரிவின் நுனியிலிருந்து பந்தாகப் பறந்தால் அந்தரத்திலேயே விரிந்து கைகால் நீட்டிக்கொண்டது. வெறும் தோற்றப் பிழை அல்ல இது. பந்தாக இருக்கும் வரைதான் எதிரி மேல் மோதினால் எதிரி உடையும். விரிந்துவிட்டால் அடி நமக்கு, சேர்த்த வளையமெல்லாம் சிதறும். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க நெடுநேரம் ஆனது. செங்குத்தான சரிவுகளில்கூட வேகமில்லாமல் நடந்தே ஏற முடிந்தது, நிற்கவும் முடிந்தது. சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கும் சோனிக்கின் படங்கள் ரசிகர்களிடையே பரவின. நிலத்திடமிருந்து வேகம் வாங்க முடியாத குறையை ஈடுகட்ட, வழியெங்கும் வேகமூட்டும் தகடுகளும் விற்சுருள்களும் பதிக்கப்பட்டிருந்தன. தகட்டின் மேல் கால் பட்டால் வேகம். நாம் சம்பாதித்தது அல்ல, கொடுக்கப்பட்டது.

இதை உருவாக்கியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். செகாவின் சோனிக் டீம் குழுவோடு சேர்ந்து இதைச் செய்தது ஒசாகாவின் டிம்ப்ஸ் நிறுவனம். 2001-ன் 'சோனிக் அட்வான்ஸ்', 2005-ன் 'சோனிக் ரஷ்' போன்ற நல்ல விளையாட்டுகள் அவர்கள் கைவண்ணம். அந்தரத்தில் நிற்பதற்கும் ஒரு நியாயம் சொல்லலாம். சிறிய மேடைகள் மேல் துல்லியமாக இறங்க அது உதவும். படுகுழிகள் நிறைந்த பாதையில் புதியவர்களுக்கு அது பாதுகாப்பு. முப்பரிமாண விளையாட்டுகளிலிருந்து கொண்டுவந்த ஹோமிங் அட்டாக், அந்தரத்தில் இன்னொரு முறை அழுத்தினால் அருகிலிருக்கும் எதிரியைத் தானே தேடிப்போய்த் தாக்கும். அதற்கும் நிதானமான, கட்டுக்குள் இருக்கும் உடல்தான் தோது. வேறு பெயரில், வேறு பிராணிக்கு இந்த விதிகளை எழுதியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். பழைய முகத்தைப் போட்டு, பழைய குன்றை வரைந்து, வரிசையில் அடுத்த எண்ணையும் கொடுத்து, கையின் நினைவைத் தட்டி எழுப்பிவிட்டு, எழுந்து வந்த கையைத் தடுமாற விட்டார்கள்.

2012 மே மாதம் எபிசோட் 2 வந்தது. இயற்பியலைத் திருத்தியிருந்தார்கள், அது உண்மையிலேயே மேம்பட்டிருந்தது. வால் இரண்டுள்ள நரி டெய்ல்ஸும் துணைக்கு வந்தது. ஆனாலும் போன நம்பிக்கை திரும்பவில்லை. மூன்றாவது பகுதி வரவேயில்லை.

கைக்கு நீதி கிடைத்தது வேறு இடத்திலிருந்து. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ரசிகர், பழைய சோனிக்கின் அசைவுகளை அப்படியே ஓடவைக்கும் 'ரெட்ரோ எஞ்சின்' என்ற மென்பொருளைத் தாமாகவே உருவாக்கினார். அதைக் கொண்டு 'சோனிக் சிடி' விளையாட்டின் 2011 மறுபதிப்பையும், முதல் இரண்டு சோனிக்குகளின் 2013 கைபேசிப் பதிப்புகளையும் செகாவுக்காகச் செய்துகொடுத்தார். 2017 ஆகஸ்டில் அதே எஞ்சினில், வேறு இரண்டு சிறு குழுக்களோடு சேர்ந்து, 'சோனிக் மேனியா' என்ற புது விளையாட்டைக் கொண்டுவந்தார். அதிலும் பழைய நிலங்கள் நிறைய உண்டு. நான்காவதில் பழசையே போட்டார்கள் என்று திட்டியவர்கள் இதைக் கொண்டாடினார்கள். சரிவில் இறங்கினால் 80, ஏறினால் 20. விரலுக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் மகள் இன்னும் 1991-லேயே இருந்தாள். பச்சைக் குன்று நிலத்தில் வளைந்து செல்லும் ஒரு குழாய் உண்டு. முள்ளெலி அதற்குள் நுழைந்ததும் தானாகச் சுருண்டுவிடும். நாகாவின் முதல் முன்மாதிரியில் உருண்ட பந்தை நினைத்துக்கொண்டேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

"கையை எடுத்துட்டேன் சித்தப்பா" என்றாள் மறுபடியும். கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். பந்து ஒரு வளைவில் இறங்கி, அடுத்த வளைவில் மறைந்து, சக்கரம் போலச் சுழன்றபடி கீழ்வாய் வழியே பாய்ந்து வெளியே வந்தது. இன்னும் உருண்டுகொண்டிருந்தது. எதிரே முள் பதித்த பள்ளம் வருவதைப் பார்த்ததும் அவசரமாகக் கன்ட்ரோலரை எடுத்தாள்.